பிரைவேட் என்று குறித்தால் ரகசியம் ஆகிவிடாது

"செய்தி பிரைவேட்டா என்று பலகை கேட்டதற்கு 'ஒய்' (ஆம்) கொடுத்துத்தானே அனுப்பினேன், பிறகு எப்படி ஊரெல்லாம் போனது?" பிபிஎஸ் பலகைகளில், அதாவது ஒருவர் தன் கணினியில் நடத்த, மற்றவர்கள் தொலைவிலிருந்து இணைந்து செய்தி எழுதிப் படிக்கும் பலகைகளில், இந்தக் கேள்வி ஓய்வதே இல்லை. தொலைபேசியில் மோடம் வைத்து அழைக்கும் பலகையானாலும், அதே மென்பொருளை இன்று இணையத்தில் டெல்நெட் வழியாக ஓட்டும் பலகையானாலும் நிலைமை ஒன்றுதான். இந்த முறை கேட்டவர் தன் உடல்நிலையைப் பற்றி நான்கு பத்தி எழுதி, அதை, பலகைகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஃபிடோநெட் வலையமைப்பின் எக்கோமெயில் பகுதி ஒன்றில் "பிரைவேட்" என்று குறித்துப் போட்டிருக்கிறார். எக்கோமெயில் என்பதே அந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு பலகைக்கும் நகல் போகும் ஏற்பாடு. அந்தக் குறியை மதிப்பதா, கழற்றிவிடுவதா என்பது வழியில் இருக்கும் ஒவ்வொரு கணினியின் அமைப்பையும் பொறுத்தது. போனதைத் திரும்பப் பெற வழி இல்லை.

ஆகவே ஒரே ஒருமுறை, முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

பிரைவேட் என்பது ஒரு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற ஒரே ஓர் இலக்கம். ஃபிடோநெட் செய்தியின் தலைப்பகுதியில் பண்புகளுக்கு என்று 16 பிட் இருக்கிறது. அதில் முதல் பிட்தான் இது. "பெறுநர் தவிர மற்ற பயனர்களின் திரையில் இதைக் காட்டாதே" என்று மென்பொருளுக்குச் சொல்லும் குறிப்பு, அவ்வளவே. செய்தியின் எழுத்துகள் பூட்டப்படுவதில்லை, உருமாற்றப்படுவதில்லை. பலகையை நடத்தும் சிஸாப்பின் வட்டில் அவை அப்படியே படிக்கும் நிலையில் கிடக்கின்றன.

வட்டு வரைக்கும் போகவே வேண்டாம். டாஸ் (பழைய கணினி இயங்குதளம்) காலத்துப் பலகை மென்பொருட்களில் பெரும்பாலானவை, அழைப்பவர் திரையில் தெரிவதை எல்லாம் சிஸாப்பின் திரையிலும் அதே நேரத்தில் காட்டும். நீங்கள் தட்டும் எழுத்து, அழிக்கும் எழுத்து, மனம் மாறிக் கைவிட்ட வரி எல்லாம் அங்கே ஓடும். சிஸாப் கெட்ட எண்ணம் கொண்டவராக இருக்கவேண்டியதில்லை. வேறு வேலையாக அந்த அறைக்குள் வந்தாலே போதும்.

ஒருவருக்கு மட்டும் போகும் நெட்மெயில் அனுப்பினாலும் கதை இதுதான். 'கிராஷ்' என்று குறித்தால் உங்கள் பலகையின் மோடம் பெறுநரின் பலகையை நேராக அழைக்கும். தொலைதூர அழைப்புச் செலவு உண்டு. குறிக்காவிட்டால் செய்தி ஹப், ஹோஸ்ட் என்ற இடைப் பலகைகள் வழியே கைமாறிப் போகும், ஒவ்வோர் இடத்திலும் ஒரு வட்டில் தங்கும். டாம் ஜென்னிங்ஸ் 1984இல் தொடங்கிய ஃபிடோநெட், 1989இல் வந்த தன் நான்காம் கொள்கை ஆவணத்தில் இதைத் தெளிவாகவே எச்சரித்தது: "பிரைவேட்" என்ற சொல்லைப் பயனர்களிடம் மிகக் கவனமாகப் பயன்படுத்துங்கள், பெறுநர் தவிர வேறு யாரும் படிக்க முடியாது என்று அதற்குப் பொருள் இல்லை, இந்த வேறுபாட்டைப் புரியவைக்க முடியாத சிஸாப் அந்த வசதியையே தராமல் இருக்கலாம். மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து அனுப்பலாமே என்பீர்கள். வழியில் இருப்பவர்களின் சம்மதம் இல்லாமல் மறையாக்கிய அஞ்சலை அவர்கள் வழியாக அனுப்பக்கூடாது என்பதும் அதே ஆவணத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1986இல் மின்னணுத் தொடர்பு அந்தரங்கச் சட்டம் வந்த பிறகு பல சிஸாப்கள், "இந்தப் பலகையில் அந்தரங்க அஞ்சல் வசதி கிடையாது" என்ற அறிவிப்பை உள்நுழையும் திரையிலேயே போட்டார்கள். பயனர்கள் எண்டரைத் தட்டிக் கடந்துபோனார்கள். இன்றும் அப்படித்தான் கடக்கிறார்கள். தயவுசெய்து அந்தத் திரையைப் படியுங்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வழக்கு. 1990 மார்ச் 1 அன்று டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனத்தில் சோதனை நடத்திய அமெரிக்க ரகசியக் காவல் துறை, அந்த நிறுவனம் நடத்திய 'இல்லுமினாட்டி' பலகையின் கணினியையும் எடுத்துச் சென்றது. பெறுநர்கள் இன்னும் படித்திராத 162 அந்தரங்கச் செய்திகள் அதில் இருந்தன. 1993இல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமும் பயனர்களின் பக்கமும்தான் தீர்ப்புச் சொன்னது, இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. ஆனால் பெட்டி கைமாறியபோது அந்தப் பிட் யாரையும் தடுக்கவில்லை.

அடுத்து, அழிப்பது. அழிப்பதற்கான 'கே' (கில்) தட்டினால் செய்தி ஒழிந்தது என்று நினைக்காதீர்கள். பலகை தன் செய்திகளைச் சேமித்துவைக்கும் ஹட்சன், ஜாம் போன்ற செய்திக் கிடங்குகளில் 'கில்' கட்டளை தலைப்பகுதியில் "அழிக்கப்பட்டது" என்று குறிப்பதோடு சரி. உரைக் கோப்பில் எழுத்துகள் கிடக்கும். சிஸாப் பேக் நிரலை ஓட்டும்போதுதான் அவை கழிக்கப்படும். அது தினமும் நடக்கலாம், மாதம் ஒருமுறையும் நடக்கலாம். செய்திக்கு ஒரு கோப்பு என்று வைக்கும் எம்எஸ்ஜி வகையிலும் டாஸ் கோப்புப் பெயரின் முதல் எழுத்தைத்தான் மாற்றுகிறது. 1991இல் வந்த எம்எஸ்-டாஸ் 5இலேயே அதை மீட்கும் கட்டளை உண்டு. இதற்கிடையில் யாராவது க்யூடபிள்யூகே பொதியில் (செய்திகளை மொத்தமாகச் சுருக்கி வீட்டில் படிக்க இறக்கும் கோப்பு) அதை இறக்கியிருந்தால் அவர் வீட்டிலும் ஒரு நகல் இருக்கும்.

இனி வாசிப்புக்கு வருவோம். "எல்லாச் செய்தியும் மறுபடி புதிதாக வருகிறது" என்ற புகாரில் பெரும்பாலும் அழைப்பவர் தவறுதான் காரணம். ஒவ்வொரு பகுதிக்கும் உங்கள் பெயரில் 'லாஸ்ட்ரீட்' என்று ஓர் எண், அதாவது நீங்கள் கடைசியாகப் படித்த செய்தியின் எண், இருக்கிறது. 'நியூ ஸ்கேன்' அந்த எண்ணுக்கு மேல் உள்ளதை மட்டும் காட்டும். பல மென்பொருட்கள் இந்த எண்ணை நீங்கள் பகுதியை விட்டு வெளியேறும்போதோ, 'ஜி' கொடுத்து விடைபெறும்போதோதான் வட்டில் எழுதுகின்றன. மோடத்தை அணைத்து ஓடினால் எண் பழையபடியே இருக்கும். பாதி எழுதிய பதிலும் போகும். ஆகவே 'ஜி' தட்டி வெளியேறுங்கள்.

கால் வெயிட்டிங் ஓசையும் இணைப்பை அறுக்கும். அமெரிக்க இணைப்புகளில் எண்ணுக்கு முன் *70 போட்டு ஒரு காற்புள்ளி வையுங்கள். அந்த அழைப்புக்கு மட்டும் அது நின்றுவிடும். கிடங்கில் செய்திகளுக்கு மறு எண் இடும் சிஸாப்கள், லாஸ்ட்ரீட் எண்களையும் சேர்த்துத் திருத்தும் நிரலையே ஓட்டவேண்டும். ஹட்சன் கிடங்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் நினைவில் வைக்கவேண்டும்: எல்லாப் பகுதிகளின் உரையும் ஒரே கோப்பில்தான் சேர்கிறது, 256 பைட் துண்டுகள் 65,536க்கு மேல் எண்ண முடியாது. 16 மெகாபைட்டோடு முடிந்தது. அதை நெருங்குமுன் பழையதைக் கழியுங்கள்.

நேரக் கணக்கையும் பாருங்கள். மோடத்தின் 2400 வேகத்தில் (நொடிக்கு 2400 பிட்) நொடிக்கு 240 எழுத்துதான் வரும். ஒரு முழுத் திரை நிரம்ப 8 நொடி. 1,500 எழுத்து கொண்ட நூறு செய்திகளை நிறுத்தாமல் ஓடவிட்டாலே பத்து நிமிடத்துக்கு மேல். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் அனுமதிக்கும் ஒற்றைத் தொலைபேசிப் பலகையில், அடுத்தவர் பிஸி ஓசை கேட்டுக்கொண்டிருக்க, நீங்கள் உள்ளே உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுதுவது சரியில்லை. க்யூடபிள்யூகே பொதியாக இறக்குங்கள். சுருக்கிய பொதி பாதி அளவுக்கும் குறையும். வீட்டில் படித்து, பதில்களை ரெப் பொதியாக ஏற்றுங்கள். இறக்கியதும் அடுத்த வேலைக்குப் போகாமல் பொதி திறக்கிறதா என்று பாருங்கள்; சில அஞ்சல் நிரல்கள் இறக்கம் முடியும் முன்பே லாஸ்ட்ரீட்டை நகர்த்திவிடும். அறுந்துபோனால் அந்த நிரலிலேயே எண்ணைப் பின்னுக்கு இழுத்து மறுபடி இறக்குங்கள். ஒரே ரெப்பை இரண்டுமுறை ஏற்றாதீர்கள். இந்தப் பொதியில் தலைப்புக்கு 25 எழுத்துதான் இடம். நீண்ட தலைப்பு வெட்டுப்படும், பதில் சங்கிலியும் சில பலகைகளில் அறும். தலைப்பைச் சுருக்கமாக வையுங்கள்.

மேற்கோள் காட்டும்போது நான்கைந்து வரி போதும். முழுச் செய்தியையும் திரும்ப ஒட்டி அடியில் "ஆமாம்" என்று எழுதுகிறவர்கள், அதைச் சுமக்கும் ஒவ்வொரு பலகையின் தொலைபேசிச் செலவையும் எண்ணிப் பார்க்கவேண்டும். முக்கியமாக, மூலச் செய்தியின் கடைசியில் உள்ள மூன்று கோட்டு வரி, ஆரிஜின் வரி (செய்தி புறப்பட்ட பலகை), சீன்-பை வரிகள் (செய்தி ஏற்கெனவே போன பலகைகளின் எண்கள்) மூன்றையும் வெட்டிவிடுங்கள். சீன்-பை வரியில் உள்ள எண்களைப் படித்துத்தான் டாஸர், அதாவது வரும் அஞ்சலைப் பிரித்து அடுத்த பலகைகளுக்கு அனுப்பும் நிரல், "இந்தப் பலகைக்கு ஏற்கெனவே போய்விட்டது" என்று முடிவு செய்கிறது. அது உங்கள் பதிலுக்குள் வரித் தொடக்கத்தில் மேற்கோள் குறியில்லாமல் ஒட்டிக்கொண்டால், போகவேண்டிய பலகைக்கே பதில் போகாமல் நிற்கும்.

தமிழில் எழுதிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஃபிடோநெட்டின் அடிப்படைத் தரத்தில் 141 என்ற பைட் 'மென் வரிமுறிவு'. கண்டால் பொருட்படுத்தாதே என்கிறது விதி. இன்றைய எழுத்துக் குறிமுறையான யுடிஎஃப்-8இல், மெய்யெழுத்தின் மேல் வரும் நம் புள்ளி 224, 175, 141 என்ற மூன்று பைட். பழைய நிரல் கடைசிப் பைட்டை விழுங்கிவிடும். உயிர்மெய் எல்லாம் பிழைத்து, மெய்யெழுத்து மட்டும் உடைந்து வந்தால் காரணம் இதுதான். பொதுப் பகுதியில் போடும் முன் உள்ளூர்ச் சோதனைப் பகுதியில் ஒரு செய்தி அனுப்பி, அடுத்த பலகையில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

கடைசியாகப் பழைய சிஸாப்களிடம் ஒரு வேண்டுகோள். பரணில் கிடந்த வட்டை முழுப் பிம்பமாக (ஒரு பைட் விடாமல் எடுத்த நகலாக) எடுத்து அப்படியே இணையத்தில் ஏற்றுவது இப்போது அதிகமாகிவிட்டது. பாதுகாக்கவேண்டும் என்ற உங்கள் அக்கறை பெரியது, அந்தக் கிடங்குகள் அரியவை. ஆனால் அதில் நெட்மெயில் இருக்கிறது, பிரைவேட் குறியிட்ட செய்திகள் இருக்கின்றன, பயனர் கோப்பில் தொலைபேசி எண்ணும் கடவுச்சொல்லும் இருக்கின்றன. உங்களை நம்பி எழுதியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கலாம். மூலப் பிம்பத்தை வெளியிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். நகலில் நெட்மெயில் பகுதியையும் பயனர் கோப்பையும் நீக்கி, பிரைவேட் செய்திகளை அழித்து, பேக் நிரலை ஓட்டுங்கள். பிறகு உரைக் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் நிரல்) திறந்து, அழித்த செய்தியின் சொல் ஒன்றைத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், பிம்பத்தை அல்ல, அந்தக் கிடங்குக் கோப்புகளை மட்டும் புது இடத்தில் நகலெடுத்து ஏற்றுங்கள்.