அரை மணி நேரத்தில் அடங்கும் செல்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் வந்து, எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றால் முதலில் உடன்பிறந்தவர்களைத்தான் சோதிப்பார்கள். ஒவ்வொருவரின் திசு வகையும் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. உலகக் கொடையாளர் பதிவேடுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம். 1860 முதல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களின் கொள்ளுப்பேரனுக்கு அங்கே ஆள் கிடைப்பது கடினம். மிஞ்சுவது பாதிப் பொருத்தம். அதற்கு அம்மா, அப்பா, பிள்ளை யாராக இருந்தாலும் ஆகும்.

ஆனால் மஜ்ஜையோடு வரும் கொடையாளரின் டி செல்கள், அதாவது தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள், இருமுனைக் கத்தி. அவற்றை நீக்கிவிட்டால் நோயாளியைத் தொற்று கொல்லக்கூடும். சேர்த்தால் அவரது தோல், குடல், ஈரலையே அந்நியமென்று தாக்கக்கூடும். ஆகவே, வேண்டாதபோது கொன்றுவிடும்படி ஒரு நிறுத்து விசையோடு டி செல்களைத் தயாரிக்கிறார்கள்.

1990களில் மிலானில் சோதித்த விசை, ஹெர்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் மரபணு. கேன்சிக்ளோவிர் மருந்தை அது நஞ்சாக்கும். டிஎன்ஏ நகலெடுப்பு நின்று செல் சாகும். இரண்டாகப் பிரிந்து பெருகும் செல்தான் சாகும் என்பதால் நாள்கணக்கில் ஆகும். வைரஸ் புரதத்தை உடல் அடையாளம் கண்டு நல்ல செல்களையும் அழித்துவிடலாம். இன்னொரு சங்கடம்: மாற்று சிகிச்சைக்குப் பின் அடிக்கடி வரும் சைட்டோமெகலோ வைரஸுக்கும் கேன்சிக்ளோவிர்தான் மருந்து!

கேஸ்பேஸ்-9 விசை இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. நம் செல்களில் ஏற்கெனவே இருக்கும் இந்தச் சாவுப் புரதம், இரண்டு இரண்டாக ஒட்டினால்தான் விழிக்கும். அதன் இயல்பான ஒட்டும் பகுதியை வெட்டிவிட்டு, எஃப்கேபிபி12 என்ற புரதத்தை வைத்துத் தைக்கிறார்கள். அந்தப் புரதத்தின் 36ஆம் இடத்தில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வாலின். ரிமிடுசிட் மருந்துக்கு ஒரே மாதிரி இரண்டு முனைகள். ஒவ்வொன்றும் மாற்றிய புரதம் ஒன்றைப் பிடிக்கும், இயல்பான புரதத்தில் பொருந்தாது. ஜோடி சேர்ந்த கேஸ்பேஸ், செல்லை உள்ளிருந்தே கலைத்துவிடும்.

தயாரிப்பில் கவனிக்க வேண்டியது, விசை ஏறாத செல்கள். விசை மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் ரெட்ரோவைரஸ் எல்லாச் செல்லிலும் அதைச் சேர்ப்பதில்லை. அதனால் டி செல்லில் இயல்பாக இராத சிடி19 புரதத்தின் துண்டு ஒன்றையும் கூடவே வைத்து, காந்த மணிகளால் அதைப் பிடித்துப் பிரிக்கிறார்கள்.

2011இல் ஹூஸ்டன் குழு வெளியிட்ட ஆய்வில் ஐவருக்கு இச்செல்கள் ஏற்றப்பட்டன. நால்வருக்குத் தாக்குதல் தொடங்கியது. அவர்களுக்கு ரிமிடுசிட் கொடுத்தார்கள்: எடையில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 24 மில்லிகிராம், ஒரே முறை. அரை மணி நேரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் செல்கள் மறைந்தன, தாக்குதல் திரும்பவில்லை. எஞ்சியவை விசைப் புரதம் குறைவாக இருந்த செல்கள். தூண்டப்பட்டுத் தாக்கும் செல்லில்தான் அந்தப் புரதம் கூடுதலாகச் சுரக்கும் என்பதால், அமைதியாக இருந்தவை தப்பின. தொற்றை எதிர்க்க அவை உதவின.

ரிமிடுசிட் மருந்துக்கடையில் வாங்குகிற சரக்கல்ல. செல்லை ஏற்றுமுன்பே அது மருத்துவமனையின் கையிருப்பில் இருக்க வேண்டும். ரிட்டக்சிமாப் போன்ற புழக்கத்தில் உள்ள மருந்துகளுக்குப் பணியும் விசைகளும் உண்டு. ஆனால் அவை நோயாளியின் சொந்த எதிர்ப்பாற்றலை நம்பியவை, அதுவோ அந்நேரம் நலிந்திருக்கும்.

தண்டு செல்லிலிருந்து வளர்த்த திசுவில் சிக்கல் வேறு. கோடிக்கணக்கில் பெருகும்போது ஏதோ ஒரு செல் விசை மரபணுவை இழந்து கட்டியாகலாம். டொராண்டோவில் 2018இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: பிரிவதற்கு அவசியமான சிடிகே1 மரபணுவோடு, அதன் இரண்டு பிரதிகளிலும், தைமிடின் கைனேஸைப் பிணைப்பது. செல் தன் விசையை அடக்கினால் சிடிகே1 போகும், பிறகு அது பிரியாது. பிரியாமலே தவறான ஹார்மோனைச் சுரக்கும் செல்லுக்கு இது பயன்படாது. அங்கே கேஸ்பேஸ்தான் வேண்டும்.