சிறுகை உணவு: ‘ஃபிங்கர் ஃபூட்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல்

தாய்ப்பாலோடு திண்ம உணவையும் உண்ணப் பழகும் குழந்தை, தானே எடுத்து வாயில் வைத்துக் கடித்தோ சப்பியோ உண்ணத்தக்க மென்மையான துண்டு உணவையே ஆங்கிலத்தில் ‘ஃபிங்கர் ஃபூட்’ என்கிறார்கள். கைத்தொலைபேசிக் காணொளிகளின் வழியாக இச்சொல் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் இளந்தாய்மாரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. தமிழில் எழுத முனைவோர் இதனை ‘விரல் உணவு’ என்று ஆக்கிவிடுகின்றனர். அது சொல்லுக்குச் சொல் சரியாயினும் பொருளுக்குப் பொருந்தவில்லை என்பதே என் கருத்து.

கரண்டியும் முள்ளுக்கரண்டியும் கொண்டு உண்பது வழக்கமான நாட்டில், விரலால் எடுத்து உண்பது தனித்துச் சொல்லப்பட வேண்டிய ஒன்று. ஆகவே அங்கே அப்பெயர் எழுந்தது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ சோறு, பிட்டு, இடியப்பம் யாவும் விரலாலேயே உண்ணப்படுகையில், ‘விரல் உணவு’ எதை எதிலிருந்து பிரித்துக் காட்டும்? இன்னொரு குழப்பமும் உண்டு. ஆங்கிலத்தில் குரக்கனுக்கு ‘ஃபிங்கர் மில்லட்’ என்றும் வெண்டிக்காய்க்கு ‘லேடீஸ் ஃபிங்கர்’ என்றும் பெயர். அவற்றில் விரல் வடிவத்தைக் குறிக்கிறது, இதிலோ உண்ணும் முறையைக் குறிக்கிறது. ‘விரல் உணவு’ என்று கேட்பவர் குரக்கன் கூழை நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

நம் வழக்கில் வேறுபாடு விரலுக்கும் கரண்டிக்கும் இடையில் இல்லை. தாயின் கைக்கும் பிள்ளையின் கைக்கும் இடையில் இருக்கிறது. தாய் ஊட்டுவதை நாம் ‘தீத்துதல்’ என்கிறோம். இதைக் கொச்சை என்று ஒதுக்குவாரும் உளர். ஆனால் அது ‘தின்’ என்னும் வினையோடு உறவுடைய ‘தீற்று’ என்னும் பழஞ்சொல்லின் பேச்சு வடிவம், ‘காற்று’ காத்து ஆவதைப் போல. தின்னச் செய்தல், அதுவும் சிறு சிறு கவளமாகத் தின்னச் செய்தல் என்பது அதன் பொருள். முத்தையன்கட்டுப் பக்கத்து வீடொன்றில் எட்டு மாதப் பிள்ளை அவித்த பூசணிக் கீற்றைக் கைக்குள் நசித்துக்கொண்டிருந்தபோது, “இஞ்ச விடு பிள்ளை, நான் தீத்திவிடுறன், உடுப்பெல்லாம் பூசணிக்காய்” என்றார் அம்மம்மா. “விடுங்கோ அம்மா, அவன் தானே சாப்பிடட்டும்” என்றாள் மகள். நாம் தேடும் சொல்லின் பொருள் முழுவதும் அந்த இரு வாக்கியங்களுக்கு இடையில் இருந்தது.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பழைய உணவொன்றும் நம்மிடம் உண்டு. சோற்றைக் கறியோடு குழைத்து உருட்டிப் பிள்ளையின் உள்ளங்கையில் வைக்கும் ‘திரளை’யே அது, பேச்சில் ‘திரணை’ என்பர். ‘திரள்’ என்ற வினையிலிருந்து வந்த இச்சொல் உருண்டையான ஒன்றை மட்டுமே குறிப்பதால், கீற்றாக வெட்டிய கிழங்குக்கோ பழத்துக்கோ பொருந்தாது. ‘கைத்தீன்’ என்று ஆக்கலாமே எனில், கோழித்தீன் நினைவுக்கு வரும் ஊரில் அது எடுபடாது.

பிள்ளையின் கையைத் தனித்துச் சொல்லும் சொல் சங்க காலத்திலேயே இருக்கிறது. பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்றின் 188ஆம் பாட்டில் குழந்தை ‘சிறுகை’ நீட்டி உணவை இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும் உண்கிறது. குறளிலும் கூழை அளாவுவது ‘சிறுகை’யே. தானே தொட்டு, தானே கவ்வி உண்ணும் உணவுக்குச் ‘சிறுகை உணவு’ என்பதைவிடப் பொருத்தமான பெயரை நான் காணவில்லை. விருந்துகளில் பெரியோர் நின்றபடி எடுத்துண்ணும் பண்டங்களையும் ஆங்கிலம் அதே சொல்லால் குறிக்கும். அவற்றுக்குச் ‘சிற்றுண்டி’ போதும்.

பால்குடிப் பிள்ளையைத் திண்ம உணவுக்குக் கொண்டுவருவதைக் குறித்து உடன்வரும் ‘வீனிங்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். அதன் பழைய ஆங்கில மூலத்துக்குப் ‘பழக்குதல்’ என்று பொருள். நாம் அதைப் ‘பால் மறக்கடித்தல்’ என்று பெயர்த்தால், மார்பில் வேப்பெண்ணெய் தடவிப் பாலை நிறுத்துவதாகிவிடும். 6 மாதம் நிறைந்ததும் உணவைத் தொடங்கி, 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரவேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் உணவுக்கு ‘இணை உணவு’ என்பதே தகும்; ‘குறைநிரப்பு உணவு’ என்பது பாலில் ஏதோ குறை இருப்பதுபோல் ஒலிக்கிறது.

8 மாதமளவில் பெரும்பாலான குழந்தைகளால் சிறுகை உணவை உண்ண முடியும். மதியக் கறிக்கு வெட்டும் பூசணியிலோ வற்றாளங்கிழங்கிலோ இரண்டு கீற்றை, உப்பும் மிளகாய்த்தூளும் சேருமுன் எடுத்து, ஆவியில் அவிக்கும் ஓலைப்பெட்டியான நீத்துப்பெட்டியில் அவித்தால், சோறு வடிப்பதற்குள் பிள்ளையின் சாப்பாடு ஆயத்தமாகிவிடும். நன்கு அவித்த முட்டையை நீளவாக்கில் வெட்டிய துண்டும், உப்பில்லாத தோசைக் கீற்றும், கனிந்த பப்பாப்பழமும் இவ்வகையே. இரணைமடுக் குளத்து விரால் மீன் கிடைத்தால், அவித்து, முள்ளை இருமுறை விரலால் தடவிப் பார்த்து நீக்கி, குழைந்த சோற்றோடும் பயறோடும் பிசைந்து மென்மையான திரளையாக்கலாம். தொடக்கத்தில் பிள்ளை முழுக்கையாலும் பொத்திப் பிடிப்பதால், துண்டு பொத்திய கைக்கு வெளியே நீளவேண்டும். பெரியவர் விரலளவு நீளம் போதும். வேடிக்கை என்னவென்றால், ‘விரல்’ என்ற சொல் உண்மையில் உதவுவது இந்த ஓர் இடத்தில்தான். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளியெடுக்கக் கற்றபின் துண்டுகளைச் சிறிதாக்கலாம். பெரியவரின் இரு விரல்களுக்கிடையில் எளிதில் நசியாத எதுவும் சிறுகை உணவு ஆகாது. கச்சான், பச்சைக் கரட், முழுத் திராட்சை, தும்புள்ள பனங்கிழங்கு ஆகியவை இதனால் விலக்கப்படுகின்றன. வன்னிக்காட்டுத் தேன் எவ்வளவு பெயர்பெற்றதாயினும், நஞ்சுண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் அதில் இருக்கக்கூடுமாதலால், 1 வயதுக்கு முன் அதைத் துளியும் கொடுக்கலாகாது.

இங்கே இன்னும் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். புதிய துண்டு நாவின் பின்புறம் பட்டதும் பிள்ளை சத்தத்தோடு குமட்டி அதை வெளியே தள்ளுவது ‘ஓங்காளம்’. அது இயல்பான தற்காப்பு. சத்தமில்லாமல், இருமவும் அழவும் முடியாமல் முகம் நீலம் பாரிப்பது ‘தொண்டை அடைத்தல்’. அதற்கு உடனடி முதலுதவி வேண்டும். எனவே பிள்ளையை நிமிர்ந்து இருத்தி, உண்டு முடியும்வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். அந்த வீட்டில் அம்மம்மா பிறகு தீத்தவில்லை. பாயில் பிள்ளைக்கு எதிரே இருந்து, பூசணி விழ விழ எடுத்துக் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.