நேவ் என்றால் நாவாய்

ஐரோப்பியத் தேவாலயங்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே இடறும் சொல் ‘நேவ்’. கோபுரம், பீடம், சன்னல், தூண் எல்லாவற்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. வாசலைத் தாண்டியதும் மக்கள் கூடும் அந்த நீண்ட கூடத்துக்கு மட்டும் ஒருவர் நடுக்கூடம் என்கிறார், இன்னொருவர் மையப்பகுதி என்கிறார், பலர் நேவ் என்றே விட்டுவிடுகிறார்கள்.

முதலில் பொருள். தேவாலயத்தின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்கே பீடப்பகுதி தொடங்கும் வரை உள்ள மக்கள் கூடம்தான் நேவ். அதற்கு அப்பால் குருமார் வழிபாடு நடத்தும் இடம் சான்சல். இடைக்கால இங்கிலாந்தின் கிராமங்களில் இந்த எல்லைக்குப் பணக்கணக்கும் உண்டு. சான்சலைப் பழுதுபார்ப்பது கோயிலின் வருமானத்தைப் பெறும் குருவின் அல்லது மடத்தின் பொறுப்பு. நேவ் ஊராரின் பொறுப்பு. நேவ் உயர்ந்தால் ஊர் கையில் காசு புரண்ட காலம் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

சொல்லின் வேர் லத்தீனின் ‘நாவிஸ்’. பொருள், கப்பல். கிரேக்கத்தில் கோயிலைக் குறிக்கும் ‘நாவோஸ்’ என்ற சொல்லோடு ஏற்பட்ட குழப்பத்தால் வந்தது என்றும் சிலர் சொல்வதுண்டு. கப்பல் விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. காரணம், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘அப்போஸ்தலக் கட்டளைகள்’ என்ற தொகுப்பு, தேவாலயம் நீளமாக, கிழக்கு நோக்கி, கப்பலைப் போல இருக்கட்டும் என்று நேராகவே சொல்கிறது. ஆயர் அதில் கப்பல் தலைவர், திருத்தொண்டர்கள் மாலுமிகள், மக்கள் பயணிகள்.

மரக்கூரை கவிழ்த்துப் போட்ட படகைப் போல இருப்பதால் இந்தப் பெயர் என்று அடிக்கடி படிக்கிறோம். பார்க்க அழகான ஒப்புமைதான். ஆனால் பிளைத்பர்க்கைப் பாருங்கள். கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், கடல் நீர் ஏறி இறங்கும் சதுப்பு ஓரத்துக் கிராமம் அது. அங்குள்ள புனித திரித்துவ ஆலயத்தைப் புதிதாகக் கட்ட 1412இல் நான்காம் ஹென்றி மன்னர் அனுமதி தந்தார். கூர்வளைவுகள் கொண்ட இடைக்காலக் கட்டடப் பாணியான கோதிக், அதன் இங்கிலாந்து வடிவத்தின் கடைசிக் கட்டமான ‘பெர்பெண்டிகுலர்’, அதாவது செங்குத்துப் பாணி. நல்ல கட்டடக் கல் கிடைக்காத பகுதி என்பதால் உடைத்த சக்கிமுக்கிக் கல்லால் எழுப்பிய சுவர். கூரை ஏறக்குறையத் தட்டை. அதில் கவிழ்ந்த படகின் சாயலே கிடையாது. ஆனாலும் அது நேவ்தான்.

அந்த நேவை இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். பக்கத்துத் தாழ்ந்த கூரைகளுக்கு மேலே, ஒவ்வொரு பக்கமும் நெருக்கமாக 18 சன்னல்கள். அவற்றின் வெளிச்சம் விழுவது கூரையில் சிறகு விரித்திருக்கும் மரத் தேவதூதர்கள் மேல். நேவுக்கும் சான்சலுக்கும் நடுவே வளைவுச்சுவர் இல்லை; ஒரே கூரை இரண்டையும் மூடி ஓடுகிறது. 1577 ஆகஸ்ட் 4 அன்று இடி விழுந்து கோபுரத்தின் மேல் இருந்த கூம்பு நேவுக்குள் சரிந்தது, உயிர்களும் போயின. 1644இல் உருவங்களை அழிக்க வந்த வில்லியம் டௌசிங் குழுவுக்கும் இந்தத் தேவதூதர்களை முழுவதுமாக ஒழிக்க முடியவில்லை. அந்தக் குழு சுட்டதாக நெடுநாள் நம்பப்பட்ட ஈயக் குண்டுகள், உண்மையில் 18ஆம் நூற்றாண்டில் உள்ளே அடைந்த காக்கை இனப் பறவைகளைச் சுட்டவை. ஊர் ஏழையானதால் பழுதாகி 1881இல் மூடப்பட்ட ஆலயம், சில ஆண்டுகளில் மீண்டும் திறந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். ஜெர்மானியர் இந்தக் கூடத்தை ‘ஷிஃப்’ என்கிறார்கள், டச்சுக்காரர் ‘ஸ்கிப்’ என்கிறார்கள். இரண்டுமே அவரவர் மொழியில் கப்பல். லத்தீன் ஒலியைக் கடன் வாங்காமல் கப்பலையே பெயர்த்துக்கொண்டார்கள். நமக்கு அதைவிட வசதி, ‘நாவாய்’ இருக்கிறது. கடலோடும் நாவாயும் நிலத்தில் ஓடாது என்று வள்ளுவர் 496ஆம் குறளிலேயே சொல்லியிருக்கிறார். வடமொழியின் ‘நௌ’வும் லத்தீனின் ‘நாவிஸ்’ஸும் ஒரே குடும்பம். நாவாயை அந்தக் குடும்பத்தோடு சேர்ப்பவர்களும் உண்டு, தூய தமிழ் என்று வாதிடுபவர்களும் உண்டு. எப்படியானாலும் ஈராயிரம் ஆண்டுகளாகப் புழங்கும் சொல். அதனால் நேவுக்கு ‘நாவாய்க்கூடம்’ என்று எழுதலாம் என்பது என் கருத்து.

‘நடுக்கூடம்’ ஏன் போதாது? பக்கங்களில் கூடங்கள் இருந்தால்தானே நடு வரும்? சின்னக் கிராமக் கோயில்கள் பலவற்றில் ஒரே கூடம்தான்; அதற்கும் பெயர் நேவ்தான்.

அகராதியைப் புரட்டும்போது ஒரு கவனம் வேண்டும். அதே எழுத்துக்கூட்டில் ஆங்கிலத்தில் இன்னொரு ‘நேவ்’ உண்டு. அது பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. வண்டிச் சக்கரத்தின் நடுவே ஆரக்கால்கள் பொருந்தும் குடத்தைக் குறிப்பது. இரண்டுக்கும் உறவில்லை.

அப்புறம், நேவின் இருபுறமும் அதையொட்டி வரும் பக்கக் கூடமான ‘ஐல்’. அதன் வேர் லத்தீனில் சிறகு என்று பொருள்படும் ‘ஆலா’. தீவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு குழம்பியதால்தான் அதன் எழுத்துக்கூட்டில் ஒலிக்காத ஓர் எழுத்து நுழைந்தது. சிறகு என்றே பெயர்க்கலாம். ஆனால் பிளைத்பர்க் போன்ற கிராமக் கோயில்களில், உயர்ந்த சுவரில் சாய்ந்தபடி தாழ இறங்கும் அதன் கூரையைப் பார்த்தால், நம் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் ‘தாழ்வாரம்’ என்ற சொல்தான் முதலில் வாயில் வரும். நாவாய்க்கூடம், அதன் இருபுறமும் தாழ்வாரம் என்று எழுதினால் படிப்பவருக்குப் படமே தேவைப்படாது.