முன்முதுகு: கரப்பொத்தானின் ‘தலைத்தகடு’ தலையில் இல்லை

கரப்பொத்தான் இனங்காணத் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் ஒரு வரி ஓயாமல் வருகிறது: “தலைத்தகடு தலையை முழுதாக மூடும்.” தலையின் தகடே தலையை எப்படி மூடும்? வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் இந்த வரியை நம்பி, பாறைக் குகையில் பிடித்த பூச்சியின் தலையைத் தேடி அளக்கிறார்கள். அளவு பிழைத்தால் இனமும் பிழைக்கிறது.

மூலச்சொல் புரொநோட்டம். கிரேக்கத்தில் ‘புரோ’ என்றால் முன், ‘நோட்டோன்’ என்றால் முதுகு. பூச்சியின் நெஞ்சு மூன்று துண்டங்களால் ஆனது; முதல் துண்டத்தின் மேல்தகடுதான் இது. தமிழில் முன்முதுகு.

‘தலைத்தகடு’ எப்படி வந்தது என்பது விளங்குகிறது. குசினியில் ஓடும் கரப்பொத்தானை மேலேயிருந்து பார்த்தால் முன்னால் தெரிவது அந்தத் தகடு மட்டுமே. தலை அதன் கீழே மடங்கி, வாய் பின்னோக்கிக் கிடக்கும். ஆனால் பூச்சியை 70 சதவீத எதனோலில் போட்டு, எடுத்து மல்லாத்தி, ஊசி நுனியால் தலையை மெல்ல முன்னே தள்ளிப் பாருங்கள். தலைக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிறிய மெல்லிய சவ்வு விரியும், அதுதான் கழுத்து. தலையை வெட்டி எடுத்தால் தகடு உடலோடே நிற்கும், முதற்சோடிக் கால்களுக்கு நேர் மேலே. தலையோடு வராத ஒன்றுக்குத் தலையின் பேர் எதற்கு? இதே காரணத்தால் ‘கழுத்துத்தகடு’ என்பதும் நிற்காது. கழுத்துக்கு வேறு சிறு தகடுகள் உண்டு.

‘கேடயம்’ என்போரும் உண்டு. பூச்சியியலில் கேடயப் பெயர் கொண்ட தகடுகள் வேறும் இருக்கின்றன. எல்லாவற்றையும் கேடயம் ஆக்கினால் எந்தக் கேடயம் என்று பிறகு கேட்கவேண்டும். ஒலிபெயர்த்து ‘புரொநோட்டம்’ என்றே விட்டால், தமிழ்க் காதுக்கு அது நோட்டம் பார்ப்பதாகவே விழும்.

வீட்டுக் கரப்பொத்தானோடு நின்றிருந்தால் ‘தலைத்தகடு’ ஒருவேளை தப்பிப் பிழைத்திருக்கும். முன்முதுகுக்குப் பின்னால் உள்ள இரண்டு தகடுகளையும் செட்டை மூடிவிடுகிறது; தெரிவது ஒன்றே. குகையினங்களில் அந்தப் பெயர் செல்லாது. 1892 இல் பூச்சியியலாளர் பொலிவார் பிலிப்பைன்ஸ் குகைகளிலிருந்து விவரித்த நொக்டிகோலா என்னும் கரப்பொத்தான் பேரினம் போன்றவற்றில் பெண்ணுக்குச் செட்டை கிடையாது, ஆணுக்கும் பெரும்பாலும் குறுகியதே. மூன்று முதுகுத்தகடுகளும் வரிசையாக வெளியே தெரியும். இப்போது இரண்டாவதையும் மூன்றாவதையும் என்னவென்று அழைப்பது? முன்முதுகு என்று தொடங்கினால் இடைமுதுகு, பின்முதுகு தாமாக வந்துவிடும். தலைத்தகடு என்று தொடங்கினால் அடுத்ததற்குப் பெயர் வைக்க வழியில்லை.

முன்பக்கம் நெஞ்சு, பின்பக்கம் முதுகு. முன்முதுகு என்பது முரண் அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். நிமிர்ந்து நிற்கும் மனிதரை வைத்துக் கேட்கும் கேள்வி அது. பூச்சியில் முன் என்பது வரிசையில் முதல். முன்கால் என்று எல்லோரும் சொல்லவில்லையா?

இடைமுதுகும் பின்முதுகும் வேண்டியது சொல்லழகுக்காக அல்ல. வளர்ந்த அணங்கில் (இன்னும் முதிராத இளம் பூச்சியில்) அந்த இரு தகடுகளின் பின்மூலைகளிலேதான் செட்டை மொட்டுகள் தெரியும். வன்னிக் குகைகள் பெரும்பாலும் கருங்கற்பாறைக்குக் கீழான ஆழமில்லாத ஒதுக்குகள்; பெரிய புளியங்குளத்தில் பிராமிக் கல்வெட்டுள்ளவை அத்தகையவை. அங்கே செட்டையில்லாமல் ஒன்று அகப்பட்டால் முதலில் அணங்கா என்று பார்க்கவேண்டும். வெள்ளையாக இருப்பதால் மட்டும் குகையினம் என்று எழுதக்கூடாது. தோல் கழற்றிய எந்தக் கரப்பொத்தானும் சில மணி நேரம் வெள்ளையாகவே இருக்கும். பத்து மடங்கு கைவில்லையில் கூட்டுக்கண்ணைப் பாருங்கள்: வெள்ளை உடலில் கண் மட்டும் கறுத்துப் பெரிதாக இருந்தால் அது புதிதாகத் தோல் கழற்றியது. கண் சுருங்கியோ இல்லாமலோ, காலும் உணர்கொம்பும் மெலிந்து நீண்டும் இருந்தால்தான் குகையினப் பேச்சை எடுக்கலாம்.

முன்முதுகிலும் பார்க்கப் பல உண்டு. எங்கே ஆக அகலம், பின்விளிம்பு நேரா வளைவா, ஓரத்தின் நிறம் என்ன? சுரினாம் கரப்பொத்தானில் கறுத்த முன்முதுகின் முன்விளிம்பில் வெளிர்க்கோடு. ஜெர்மன் கரப்பொத்தானில் நீளவாக்கில் இரண்டு கருங்கோடுகள். இத்தனை விவரமுள்ள தகட்டை ‘ஓடு’ என்று ஒரே சொல்லில் அடைப்போர் நண்டோட்டையும் அப்படியே எழுதுகிறார்கள். பூச்சியைப் புரட்டிப் பாராமல் படத்தைப் பார்த்துப் பெயர்க்கும் வழக்கம் இது. இணைக்கவர்ச் சுட்டியில், அதாவது ஒவ்வொரு படியிலும் எதிரெதிரான இரு வரிகளில் ஒன்றைத் தெரிந்து இனங்காணும் பட்டியலில், ஒரு சொல் தவறினால் அடுத்த படிகள் எல்லாமே தவறும்.

சுட்டியின் வரி இப்படி இருக்கட்டும்: “முன்முதுகு தலையின் உச்சியை மூடும்.” அதன் எதிர்க்கவர்: “முன்முதுகின் முன்விளிம்புக்கு வெளியே தலையின் உச்சி தெரியும்.”