ட்யூனரில் பச்சை விளக்கு, காதில் கரகரப்பு

லண்டனில் நான் பயிற்சி கொடுக்கும் ரெக்கார்டர் என்ற ஊதுகுழல் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். போனை ஸ்டாண்டில் சாய்த்து, சுருதி அளக்கும் ட்யூனர் செயலியைத் திறந்து, ஆளுக்கு ஒரு ஸ்வரம் ஊதிப் பார்ப்பார்கள். பச்சை விளக்கு எரிந்தால் சுருதி சேர்ந்துவிட்டது என்று நிம்மதி.

அண்மையில் நால்வர் அப்படிச் சரிபார்த்துவிட்டு, 1551-இல் ஆன்ட்வெர்ப்பில் சுசாட்டோ அச்சிட்ட நடன இசையில் ஒன்றை வாசித்தார்கள். பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கடைசி கார்டில் (chord) பாஸ் குழலும் ஆல்டோ குழலும் எஃப் (சட்ஜம்), டெனர் சி (பஞ்சமம்), சொப்ரானோ ஏ (காந்தாரம்). நான்கும் ட்யூனர்படி சரி. சேர்ந்து ஒலித்தபோது காது கூசியது. சொப்ரானோ வாசித்தவரை மட்டும் மூச்சை ஒரு இழை தளர்த்தச் சொன்னேன். கரகரப்பு அடங்கி, நான்கு குழலும் ஒரே குழல் போல நின்றன.

செயலி ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி அளக்கிறது. அதன் காந்தாரம், 5:4 விகிதத்தில் நிற்கும் சுத்தமான காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதல். சுசாட்டோ காலத்துக் காதுகள் கேட்டது சுத்தமானதைத்தான். தம்பூராவின் மந்தர சட்ஜத்தில் தானாக எழும் அந்தர காந்தாரமும் அதுவே. தம்பூரா கேட்டு வளர்ந்தவருக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை.

இரண்டு சொப்ரானோக்களை வைத்துச் சோதித்துப் பாருங்கள். ஒன்று 500 ஹெர்ட்ஸ், மற்றது 625 என்றால், யாருமே ஊதாத 125 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று காதுக்குள் ரீங்கரிக்கும். கீழ்க்குழலுக்குச் சரியாக இரண்டு ஸ்தாயி கீழே. செயலி சொல்லும் 630-ஐ ஊதினால் அந்த ரீங்காரம் 130-க்குத் தாவி அபஸ்வரமாகும். ரெக்கார்டர் குழுவில் பலர் "ஏதோ இரையுது" என்று முகம் சுளிப்பது இதைக் கேட்டுத்தான்.

ரெக்கார்டரில் உதட்டால் சுருதியைத் திருத்த வழியில்லை. காற்றுப் பாதை நிலையானது. அழுத்தி ஊதினால் சுருதி ஏறும், தளர்ந்தால் இறங்கும். வரி முடியும் இடத்தில் மூச்சு தீர்ந்துபோய்ச் சுருதி சரிவதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை. குளிர்ந்த குழலும் தாழ்ந்தே ஒலிக்கும். குளிர்காலத்தில் வாசிக்கும் முன் கோட்டுக்குள் வைத்துச் சூடேற்றுங்கள். புது மரக்குழலை முதல் சில வாரம் ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஊதாதீர்கள், ஈரம் குடித்து விரிசல் விடும்.

வாங்கும்போதும் கவனம் தேவை. ஒருவர் 415 சுருதி (ஏ ஸ்வரம் 415 ஹெர்ட்ஸ்) ஆல்டோவோடும் இன்னொருவர் 440 டெனரோடும் வந்தால் அரை ஸ்வரம் இடிக்கும், எந்த மூச்சும் அதைச் சரிக்கட்டாது. எட்டாம் ஹென்றியின் 1547-ஆம் ஆண்டு உடைமைப் பட்டியலில் 76 ரெக்கார்டர்கள் இருந்தன. அவற்றில் பல, ஒன்றோடொன்று சேரும்படி செய்து ஒரே பெட்டியில் வைத்த தொகுப்புகள்.

எங்கள் குழுவில் இப்போது பாஸின் முதல் ஸ்வரத்துக்கு மட்டும்தான் ட்யூனர். அதன்மேல் ஆல்டோ, பிறகு டெனரின் பஞ்சமம், கடைசியாகத்தான் காந்தாரம். பாஸ் ஊதி முடித்ததும் போன் பைக்குள் போய்விட வேண்டும்.