ரேடியேட்டர் பெரிதாகியும் சூடு ஏன் குறையவில்லை?

சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, உள்ள காருக்குக் கூலிங் போதவில்லை என்று, அந்தக் காற்றைத் தணிக்க வெளியில் வாங்கிய பெரிய ரேடியேட்டரும் புதுப் பம்பும் மாட்டியாகிவிட்டது. ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு பழைய அளவிலேயே நிற்கிறது. மார்த்தாண்டம் நெரிசலில் மாட்டினால் முன்பைவிட நாலைந்து டிகிரி கூடுதலாகக்கூடக் காட்டுகிறது. பணம் போன எரிச்சலில் வண்டிக்காரர் பொருளைக் குறை சொல்வார். விற்றவர் மாட்டிய மெக்கானிக்கைக் கைகாட்டுவார். வெப்பம் எந்த இடத்தில் தேங்குகிறது என்று மட்டும் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். இரண்டு மூன்று இடங்களில் வெப்பநிலையை எடுத்துக் கழித்துப் பார்த்தால் போதும், குற்றவாளி பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும்.

சூடு பிறக்கும் இடம் சூப்பர்சார்ஜர். இதே வேலையைச் செய்யும் டர்போவைச் சுழற்றுவது எஞ்சினின் புகை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வரும் பெல்ட். இதன் மூதாதை, அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை வாங்கிய ஊதுகருவி. காருக்கு வெகு காலம் முன்பே அது உலைகளுக்குக் காற்று ஊதியது. நம் சாலைகளில் ஓடும் சூப்பர்சார்ஜர் வண்டிகள் அநேகமாக ஜாகுவார், ரேஞ்ச் ரோவர் பெட்ரோல் மாடல்கள். அப்புறம் பின்னால் ‘கொம்ப்ரெஸர்’ என்று எழுதியிருக்கும் பழைய மெர்சிடிஸ். பலவும் கேரளப் பதிவெண்ணோடு இரண்டாம் கையாகக் குமரி மாவட்டத்துக்குள் வருபவை.

காற்றை அழுத்தினால் அது சூடாகும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது சிலிண்டரிலிருந்து டேங்குக்குப் போகும் செம்புக் குழாயைத் தொட்டவர்கள் மறுபடி தொடமாட்டார்கள். கணக்காகவே பார்க்கலாம். 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்றை 1.7 மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், ஒரு குறையும் இல்லாத கருவியில்கூட வெப்பநிலை ஏறக்குறைய 50 டிகிரி ஏறும். உண்மையான கருவியின் திறன் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஏற்றம் 80 டிகிரியைத் தாண்டிவிடும். அதாவது எஞ்சினை நோக்கிக் கிளம்பும் காற்று 110 டிகிரிக்கு மேல். இதை 50 டிகிரிக்குத் தணித்தால், அதே அழுத்தத்தில் அதே இடத்துக்குள் சுமார் 20 சதவீதம் கூடுதல் காற்று அடங்கும். தணிக்காமல் விட்டால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும்; நாக்கிங் என்கிறோமே, அதுதான். அதைத் தடுக்க எஞ்சின் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தும், இழுவிசை குறையும். ‘காலையில் பறக்கிற வண்டி மத்தியானம் சோம்புது’ என்பதற்குக் காரணம் இதுதான்.

தணிக்கிற வேலை இன்டர்கூலருடையது. நான் இங்கே பேசுவது தண்ணீர் வழி இன்டர்கூலர் பற்றி. அதில் வெப்பம் மூன்று கை மாறுகிறது. சூடான காற்றிடமிருந்து தண்ணீருக்கு, இது சூப்பர்சார்ஜர் பக்கத்திலுள்ள இன்டர்கூலரில். அங்கிருந்து தண்ணீரோடு குழாய் வழியே முன்பக்கத்துக்கு, இது ஒரு மின்சாரப் பம்பின் வேலை. முன்பக்கச் சின்ன ரேடியேட்டரில் தண்ணீரிடமிருந்து வெளிக்காற்றுக்கு. கூலிங்கைக் கூட்டுகிறேன் என்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவதைத்தான் பெரிதாக்குகிறார்கள், கிரில்லுக்குப் பின்னால் பளிச்சென்று தெரியும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். மூன்றில் எது நெருக்கடியோ அதுதான் மொத்தக் கூலிங்கையும் தீர்மானிக்கும். இடைஞ்சல் நடுவில் இருந்தால் முன்னால் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தும் பயனில்லை.

நடுவிலுள்ள பம்பை இன்னும் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் நிறைய வண்டிகளில் கோளாறு இங்கேதான். எஞ்சின் விநாடிக்கு 0.2 கிலோ காற்றை இழுக்கிறது, அதை 60 டிகிரி குறைக்க வேண்டும் என்றால் தண்ணீர் சுமக்க வேண்டிய வெப்பம் 12 கிலோவாட். பம்ப் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓட்டினால் இந்த 12 கிலோவாட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் 11 அல்லது 12 டிகிரி சூடேறும். நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் ஓடுகிறது என்றால் அதே வெப்பத்துக்கு 34 டிகிரி ஏறியாக வேண்டும். அப்போது இன்டர்கூலரின் கடைசிப் பாதியில் தண்ணீரே கொதிப்புக்குப் பாதி வழியைத் தாண்டியிருக்கும்; அது காற்றை எப்படித் தணிக்கும்?

அதனால் ரேடியேட்டருக்குள் நுழையும் தண்ணீருக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை அளப்பது அவசியம். இங்கே ஒரு மயக்கம் உண்டு. நுழையும்போது 61, வெளியேறும்போது 43 என்று பார்த்ததும், ‘ஆகா, புது ரேடியேட்டர் 18 டிகிரி குறைக்குதே’ என்று சந்தோஷப்படுகிறார்கள். சந்தோஷப்பட ஒன்றுமில்லை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் தண்ணீர் மெதுவாக ஊர்கிறது என்று அர்த்தம். வித்தியாசம் சிறிதாக இருந்து இரண்டு பக்கமும் சூடாக இருந்தால் ஓட்டம் சரி, ரேடியேட்டருக்குள் வெளிக்காற்று போதவில்லை. தண்ணீர் இரண்டு பக்கமும் குளுமையாக இருந்து, எஞ்சினுக்குள் போகும் காற்று மட்டும் கொதித்தால், வெப்பம் தண்ணீருக்குள் இறங்கவே இல்லை. இன்டர்கூலரில் காற்று அடைத்திருக்கிறது அல்லது அழுக்கு படிந்திருக்கிறது.

‘தண்ணீர் ரொம்ப வேகமாகப் போனால் ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்காது’ என்று ஒரு வாதம் ஒர்க்‌ஷாப்புகளில் வலம்வருகிறது. தப்பு. ஒவ்வொரு துளியும் குறைவாக ஆறும், உண்மைதான். ஆனால் துளிகளின் எண்ணிக்கை கூடுகிறதே. ரேடியேட்டர் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும், வெளிக்காற்றுக்கு மொத்தமாகப் போகும் வெப்பம் கூடும். இந்த வாதம் எங்கிருந்து கிளம்பியது என்றால், பழைய எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை மூடிவைக்கும் வால்வு) கழற்றி எறிந்ததும் சூடு ஏறிய அனுபவம். அங்கே நடந்தது வேறு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் பைபாஸ் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். பழி வேகத்தின் மேல் விழுந்தது.

மேலே சொன்ன 61, 43 கற்பனை எண்கள் இல்லை. சுங்கான்கடைப் பக்கம் ஒரு ஷெட்டில், ஆறு சிலிண்டர் சூப்பர்சார்ஜர் வண்டி ஒன்றில், வெப்பநிலை அளக்கும் இரண்டு ப்ரோபை ஒட்டித் தக்கலை வரைக்கும் ஓட்டிப் பார்த்தபோது வந்த எண்கள். வண்டிக்காரருக்குப் பம்பின் மேல்தான் சந்தேகம். ஷெட்டின் மெக்கானிக் ஆசான் ரிசர்வாயர் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே தண்ணீர் குழாயிலிருந்து வந்து விழுந்துகொண்டுதான் இருந்தது.

“வெள்ளம் சுத்துதுல்லா அண்ணாச்சி, பின்ன பம்புக்கு என்ன கேடு?”

“சுத்துது ஆசானே, ஆனா இவ்வளவுதானா சுத்தணும்?”

பம்ப் வயர்களில் ஒன்று பழுப்பு, இன்னொன்று வேறு நிறம். வயரிங் செய்த பையன் வீட்டு வயரிங்கும் செய்கிறவன். வீட்டு மூன்று வயர் கேபிளில் பழுப்புதான் கரன்ட் வரும் லைன். ஜெர்மன் கார் வயரிங்கில் பழுப்பு எர்த். பையன் பிளஸ்ஸைப் பழுப்பில் கொடுத்துவிட்டான். கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் என்பதால் பம்ப் பின்புறமாகச் சுழன்றது. மையவிலக்குப் பம்பின் விசேஷம் என்னவென்றால், தலைகீழாகச் சுழன்றாலும் தண்ணீரை ஓரத்துக்கு வீசி, அதே வாய் வழியாகத்தான் தள்ளும். ஓட்டமும் அழுத்தமும் மட்டும் வெகுவாகக் குறைந்துவிடும். கண்ணால் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலத்தான் தோன்றும். வயரை மாற்றிக் கொடுத்து மறுபடி அதே சாலையில் ஓட்டியபோது 50, 42. வித்தியாசம் 18-இலிருந்து 8 ஆனது, ஓட்டம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்பது கணக்கு. ரேடியேட்டரை யாரும் தொடவில்லை.

வயர் சரியாக இருந்தும் பம்ப் திணறினால், அது ஓடும்போதே அதன் கனெக்டரில் வோல்டேஜ் பார்க்க வேண்டும். பேட்டரியில் 13.8 இருக்க, பம்பில் 11 என்றால் வழியில் எங்கோ எர்த் துருப்பிடித்திருக்கிறது. குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊர்களில் நிற்கும் வண்டிகளில் இது சாதாரணம். கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஆம்பியரும் பார்க்கலாம். வழக்கத்தைவிடக் குறைவான கரன்ட் எடுத்தால் ‘பம்ப் லேசாக ஓடுகிறது’ என்று மகிழ வேண்டாம். ஒன்று, பம்புக்குள் தண்ணீருக்குப் பதில் காற்று இருக்கும். அல்லது வழி அடைத்திருக்கும். இந்த வகைப் பம்ப் தள்ள எதுவும் இல்லாவிட்டாலும் கரன்ட் குறைத்துத்தான் எடுக்கும், தள்ள முடியாவிட்டாலும் அப்படித்தான்.

ஏர் லாக் இன்னொரு தலைவலி. குழாய் எங்காவது மேலேறி இறங்கினால் அந்த வளைவில் காற்று தங்கும், பம்பால் அதைத் தள்ள முடியாது. நிரப்பும் வாய்தான் தண்ணீர் ஓடும் சுற்றிலேயே உயரமான இடமாக இருக்க வேண்டும். புது ரேடியேட்டரோடு வந்த நீள ஹோஸை எஞ்சினுக்கு மேலே வளைத்துக் கொண்டுபோயிருந்தால் இந்த ஒழுங்கு கெட்டிருக்கும். சரி செய்ய நம் ஊரில் ஒரு வசதி உண்டு: குலசேகரம், திருவட்டார் பக்கம் மேடு இல்லாத சாலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிரப்பும் வாய் முன்பக்கம் இருக்கும் வண்டியை முகம் மேலே பார்க்க ஏற்றத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, எஞ்சினை ஓட்டாமல் பம்பை மட்டும் ஓடவிட்டுக் குமிழி நிற்கும்வரை ஊற்றலாம். மூடியைத் திறப்பது எஞ்சின் முழுக்க ஆறிய பிறகுதான்.

எதை ஊற்றுவது? கூலன்டில் உள்ள கிளைகால் உறைவதைத் தடுக்கும், கொதிநிலையைக் கூட்டும். நாகர்கோவிலில் தண்ணீர் உறையப் போவதில்லை. இந்தச் சுற்று எஞ்சினிலிருந்து தனியாக இருந்தால் கொதிக்கவும் வாய்ப்பில்லை. பாதிக்குப் பாதி கலந்தால் வெப்பம் சுமக்கும் திறன் பத்து சதவீதத்துக்கு மேல் குறைகிறது. தனிச் சுற்றில் டிஸ்டில்ட் வாட்டரும் துருத் தடுப்பானும், வேண்டுமானால் கொஞ்சம் கூலன்டும் போதும் என்பது என் கருத்து. எஞ்சினோடு தண்ணீரைப் பகிரும் வண்டியில் இந்த யோசனை செல்லாது, அங்கே கம்பெனி சொன்ன கலவைதான். வெறும் கிணற்றுத் தண்ணீர் எதிலும் வேண்டாம்.

ஓட்டம் சரி, காற்றுதான் போதவில்லை என்று அளவு சொன்னால் முன்பக்கத்துக்குப் போவோம். புது ரேடியேட்டர், அதன் பின் ஏசி கண்டென்சர், அதன் பின் எஞ்சின் ரேடியேட்டர், கடைசியில் ஃபேன். தடிப்பான, நெருக்கத் தகடு வைத்த ரேடியேட்டரை முன்னால் வைத்தால் காற்று அதற்குள் நுழையச் சிரமப்பட்டு ஓரத்து இடைவெளி வழியே நழுவும். இடைவெளியை ஃபோம் பட்டையால் அடைப்பது மலிவான வேலை, பலன் பெரிது. வண்டி நிற்கும்போது எஞ்சின் அறையின் சூடான காற்று அதே இடைவெளி வழியே முன்னால் வந்து மறுபடி உள்ளே இழுபடுவதும் நிற்கும். கூலிங்கைக் கூட்டிய பிறகு சிக்னலில் ஏசி குளிர்ச்சி குறைந்துவிட்டது என்றால் இந்தப் பக்கம்தான் சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று: ஃபேன் ஓடுவது எஞ்சின் தண்ணீரின் சூட்டையும் ஏசி அழுத்தத்தையும் பார்த்து. இன்டர்கூலர் தண்ணீர் கொதித்தாலும் பல வண்டிகளில் அதற்குத் தெரியாது.

சோதனை ஓட்டத்துக்கு ஆரல்வாய்மொழிச் சாலை நல்லதுதான், ஜூன் முதல் செப்டம்பர் வரை கவனம் வேண்டும். தென்மேற்குப் பருவக் காற்று கணவாய் வழியாகக் கிழக்கே பாய்கிறது. முப்பந்தல் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. நாகர்கோவிலிலிருந்து போகும்போது காற்று முதுகில். 80 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் பின்காற்று 30 என்றால் ரேடியேட்டர் பார்ப்பது 50 தான். திரும்பும்போது 110. போகும்போது ஒரு அளவும், புதுப் பொருள் மாட்டித் திரும்பும்போது ஒரு அளவும் எடுத்து ஒப்பிட்டால் எந்த ரேடியேட்டரும் அற்புதமாகத் தெரியும். ஒரே திசையில் ஒப்பிடுங்கள். பத்து விநாடி அழுத்திப் பார்ப்பதும் போதாது. சுற்றில் 4 லிட்டர் தண்ணீர் இருந்தால், 12 கிலோவாட்டைப் பத்து விநாடி வாங்கினாலும் அது 7 டிகிரிதான் ஏறும். ரேடியேட்டரின் லட்சணம் அதற்குள் தெரியாது.

டீக்கடையில் நிறுத்திவிட்டுத் திரும்ப வந்து கிளப்பும்போது, எஞ்சினுக்குள் போகும் காற்றை ஸ்கேனர் 65, 70 டிகிரி என்று காட்டுவதைக் கோளாறாக எண்ண வேண்டாம். எஞ்சின் நின்றதும் அதன் சூடு மேலேறி சூப்பர்சார்ஜரையும் இன்டர்கூலரையும் ஊறவைக்கிறது. வி-வடிவ எஞ்சினில் இவை இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதால் இன்னும் மோசம். ஓடத் தொடங்கிச் சில நிமிடத்தில் இறங்கினால் சரி.

அளக்கும் கருவி பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கி மாதிரிப் பிடிக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பளபளக்கும் அலுமினியத்தில் பொய் சொல்லும். உலோகத்தின் சூட்டுக்குப் பதில் அதில் பிரதிபலிக்கும் மற்ற பொருள்களின் சூட்டைப் படித்துக் குறைத்துக் காட்டும். இரண்டு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன் மேல் பிடித்தால் சரியாக வரும். ரப்பர் ஹோஸின் மேல் பிடித்தாலும் குறைத்தே காட்டும், ரப்பர் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். ரேடியேட்டரின் உலோகக் கழுத்தில் ப்ரோபை ஒட்டி மேலே ஃபோம் சுற்றுவது உத்தமம். கடலோர வண்டியானால் அளப்பதற்கு முன் தகடுகளில் படிந்த உப்பையும் மணலையும் பின்புறமிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் தகடு மடங்கி, அதுவே அடுத்த கோளாறாகிவிடும்.