அந்த முப்பது விநாடி வீடியோவைப் பகிரும் முன்

உக்ரைன் களத்திலிருந்து இன்னொரு வீடியோ. ட்ரோன் ஒன்று இறங்குகிறது, டாங்கியின் டரட் (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்பகுதி) பானை மூடி போலப் பறக்கிறது. கீழே அதே பழைய வரி: "டாங்கிகளின் காலம் முடிந்தது." இதே தீர்ப்பை 1973-லேயே எழுதிவிட்டார்கள், ஐயா. அந்த அக்டோபரில் சினாயில் எகிப்து வீரர்களின் சாகர் என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள் இஸ்ரேலிய டாங்கிகளை எரித்தன. போதிய காலாட்படையும் பீரங்கி ஆதரவும் இல்லாமல் டாங்கிகளை மட்டும் அனுப்பியதற்கான விலை அது.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது ஒரு நினைப்பு: டாங்கி என்றால் நாலாபுறமும் ஒரே தடிமன் கொண்ட இரும்புக் கோட்டை என்பது. இல்லவே இல்லை. அதைக் கேடயம் பிடித்த ஆளாக நினையுங்கள். கேடயம் முன்னால் மட்டும்தான். சோவியத் டாங்கியான டி-72-இன் முகப்பு பல நூறு மில்லிமீட்டர் எஃகுக்கு ஈடு. பக்கவாட்டு உடல் 80 மி.மீ., அடிவயிறு 20 மி.மீ. தோளில் வைத்துச் சுடும் பழைய ஆர்பிஜி-7 ராக்கெட் குண்டுக்கு 80 மி.மீ. ஒரு பொருட்டே அல்ல. 'பொறியாளர்கள் முட்டாள்களா, சுற்றிலும் முகப்பைப் போலவே போட வேண்டியதுதானே?' என்று கேட்பவர்களுக்கு இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி செய்த மவுஸ் டாங்கி நினைவிருக்கட்டும். கவசத்தை ஏற்றிக்கொண்டே போய் 188 டன்னில் நின்றது. அதைத் தாங்கப் பாலம் கிடைக்கவில்லை. இரண்டு மாதிரி வண்டிகளோடு கதை முடிந்தது. எடைக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குள் எங்கே அடி அதிகம் விழுமோ அங்கேதான் தடிமன் வைக்க முடியும். மேலிருந்து அடி விழும் காலம் இப்போது வந்திருக்கிறது, கூரைக்குக் கம்பிக் கூண்டு கட்டுகிறார்கள். அவ்வளவுதான்.

டரட் பறப்பது கவசக் குறையால் அல்ல, டாங்கி சுடுவதற்காக ஏற்றிச் செல்லும் குண்டுகள் இருக்கும் இடத்தால். டி-72-இல் ஆட்டோலோடரின் (பீரங்கியில் தானாகக் குண்டு ஏற்றும் கருவி) வட்டத் தட்டு டரட்டுக்கு நேர் கீழே, 22 குண்டுகளோடு, ஆட்களின் காலடியில் இருக்கிறது. மிச்சக் குண்டுகளை உடலுக்குள் கிடைத்த இடத்தில் செருகுவார்கள்; முதலில் தீப்பிடிப்பது பெரும்பாலும் அவைதான். தட்டில் உள்ள 22-ஐ மட்டும் ஏற்றிப் போனால் ஆபத்து கணிசமாகக் குறையும். அமெரிக்க ஆப்ராம்ஸ் டாங்கியில் பெரும்பாலான குண்டுகள் டரட்டின் பின்புறம், இரும்புக் கதவுக்கு அப்பால். வெடித்தால் மேல்தகடு பிய்த்துக்கொண்டு தீ வெளியே போகும். 'அப்படியானால் மேற்கத்திய டாங்கி வெடிக்காது' என்று உடனே குதிக்க வேண்டாம். ஜெர்மனியின் லெப்பர்ட் 2 டாங்கியில் 15 குண்டுகள்தான் அப்படிப் பாதுகாப்பாக உள்ளன; 27 ஓட்டுநருக்குப் பக்கத்தில். 2016 டிசம்பரில் சிரியாவின் அல்-பாப் அருகே துருக்கியின் லெப்பர்ட்கள் டரட் பிய்ந்து கிடந்தன. டி-72, டி-90 இரண்டும் நம் ஆவடியிலும் தயாரானவை என்பதால் இது நமக்குத் தூரத்து விவகாரமும் அல்ல.

ஹெலிகாப்டரிலும் இதே கணக்கு. அமெரிக்காவின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் பிரதான கியர்பாக்ஸ் எண்ணெய் வடிந்த பிறகும் அரை மணி நேரம் ஓட வேண்டும் என்று வடிவமைத்தார்கள். 1993-இல் சோமாலியாவின் மொகதிஷுவில் ஆர்பிஜி பட்டது வாலில். வால் விசிறி போனால் உடல் பம்பரமாகச் சுழலும்; மற்ற பலம் எதுவும் உதவாது.

தொலைக்காட்சி நண்பர்களே, சங்கிலிப் பட்டையில் ஓடுவதெல்லாம் டாங்கி அல்ல. பிஎம்பி-1 வீரர்களை ஏற்றிச் செல்லும் வண்டி. அதன் பின்கதவுகளுக்குள்ளேயே டீசல் இருக்கிறது. வீரர்கள் உள்ளே உட்காராமல் கூரைமேல் தொற்றிக்கொண்டு போவது சும்மா இல்லை.

இனி வீடியோ வந்தால் முதலில் பட்டையைப் பாருங்கள். அறுந்து கிடந்தால் பெரும்பாலும் கண்ணிவெடி முன்பே வண்டியை நிறுத்திவிட்டது. எங்கள் தொழிலில் அசைவிழப்பு வேறு, முழு அழிவு வேறு. முதல் வகையை இழுத்துப்போய்ப் பழுதுபார்த்துத் திரும்ப அனுப்பலாம். 1973-இல் கோலான் குன்றுகளில் போர் நடக்கும்போதே இஸ்ரேலியர்கள் அப்படிச் செய்தார்கள். அடுத்து, பக்கத்தில் காலாட்படை இருக்கிறதா? இல்லையென்றால் தவறு அனுப்பியவருடையது. ஆட்கள் ஏறி இறங்கும் மூடிகள் திறந்திருந்தால் அவர்கள் பெரும்பாலும் இறங்கிப் போயிருப்பார்கள். ட்ரோன் எரிப்பது வெற்று வண்டியை. மூடிகள் அடைத்திருந்து வண்டி ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே மூன்று அல்லது நான்கு பேர் இருக்கிறார்கள். அதற்குச் சிரிப்புப் பொம்மை போடாதீர்கள், தயவுசெய்து.